ஐந்து கம்பி எஃப்.எம். யாகி ஆன்டெனா: பெட்டி சொல்லும் 14 டெசிபலும் கம்பிகள் செய்யும் வேலையும்

காரைக்குடியில் ஒரு மின்சாதனக் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிய, ஐந்து கம்பிகள் கொண்ட எஃப்.எம். யாகி ஆன்டெனாவைப் பற்றிய மதிப்புரை இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் நல்ல பொருள்; வாங்கலாம். ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘14 டெசிபல் கெயின்’ என்ற எண்ணை நம்பி வாங்கக் கூடாது. (திறன் எத்தனை மடங்கு என்பதைச் சொல்லும் அளவு டெசிபல்; 3 டெசிபல் என்றால் இரு மடங்கு.) அந்த எண் ஏன் பொருந்தாது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் அளவு நாடாவும், ஆன்டெனாவின் கம்பிகளில் ஓடும் மின்னோட்டம் என்ன செய்கிறது என்ற தெளிவும் இருந்தால், கடை வாசலில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். தயாரிப்பாளரின் பெயரை நான் எழுதவில்லை. இதே அமைப்பு வெவ்வேறு பெயர் ஒட்டிய பெட்டிகளில் கிடைக்கிறது, குறையும் நிறையும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

செட்டிநாட்டில் கோடை பண்பலை கேட்பவர்களுக்கு இந்த ஆன்டெனா ஏன் தேவைப்படுகிறது என்பதை வரைபடத்தை விரித்தால் புரிந்துகொள்ளலாம். 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடைக்கானல் நிலையம் காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் மேற்கே, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கிறது. உயரம் நமக்குச் சாதகம். இடையில் கிடக்கும் சிறுமலையும் நத்தம் மலைகளும் பாதகம். இது போதாதென்று, வடகிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் காரைக்கால் வானொலி 100.3 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. இரண்டுக்கும் இடைவெளி 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஒரு பண்பலை நிலையத்தின் அலைவரிசை இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை விலகி விலகி ஆடுவதால், சாதாரணப் பெட்டி வானொலிக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. கோடையின் குரலுக்குள் காரைக்காலின் பாட்டு ஊடே புகுந்து கரகரப்பதைக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வானொலி வைத்திருக்கும் பலர் கேட்டிருப்பார்கள்.

நான் இதைப் பொருத்தியது கானாடுகாத்தானில் உறவினர் ஒருவருடைய வீட்டில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீடு அது. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள். பட்டாலையில் வைத்த வானொலியில் இரைச்சலைத் தவிர வேறெதுவும் வராது. அந்த வீட்டு ஐயாவுக்குக் காலையிலும் மாலையிலும் கோடை பண்பலை வேண்டும். கைப்பேசியில் கேட்கலாமே என்றால், ‘அதெல்லாம் எனக்கு எதுக்குப்பா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பெட்டிக்குள் இருந்தவை: சதுரக் குழலாலான நடுத்தண்டு ஒன்று, இரண்டாக மடக்கி வந்தது, விரித்துப் பூட்டினால் 2.1 மீட்டர். பின்பக்கம் வரும் ரிஃப்ளெக்டர் கம்பி 1.65 மீட்டர். அதற்கு முன்னால், நீள்வட்டமாக மடித்த டைபோல், அதாவது கேபிள் இணையும் கம்பி. அதற்கும் முன்னால் டைரக்டர்கள் மூன்று, ஏறத்தாழ 1.23 மீட்டர் வீதம். கம்பிகள் எல்லாம் ஒரு விரல் தடிமனுக்குள் அடங்கும் அலுமினியக் குழல்கள். டைபோலின் நடுவில் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் இரட்டைத் துளை ஃபெரைட்டில் சுற்றிய ‘பலூன்’ (balun), அதாவது டைபோலைக் கேபிளோடு பொருத்தும் சிறு மின்மாற்றி. கீழே எஃப் வகைக் கனெக்டர். வேறெந்த மின்னணுச் சாதனமும் இல்லை, மின்சாரமும் வேண்டியதில்லை. அப்படியானால் 14 டெசிபல் எங்கிருந்து வருகிறது?

கெயின் என்பதை ஆம்ப்ளிஃபயரின் பெருக்கத்தோடு சேர்த்து நினைப்பதால்தான் குழப்பமெல்லாம். ஆன்டெனா ஒரு வாட்டைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. எல்லாத் திசைகளிலும் பரவ வேண்டியதை ஒரு திசையில் கூட்டி, மற்றத் திசைகளில் குறைக்கிறது, அவ்வளவுதான். எனவே கெயின் என்பது எப்போதும் எதனோடாவது ஒப்பிட்டுச் சொல்ல வேண்டிய எண். எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும் கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். அரை அலைநீள டைபோலோடு ஒப்பிட்டால் அதைவிட 2.15 குறைந்த எண் வரும். ஏனெனில் தனி டைபோலே அந்தக் கற்பனைப் புள்ளியை விட 1.64 மடங்கு நன்றாகத் தன் குறுக்குத் திசையில் பரப்புகிறது. இந்தப் பெட்டியில் எதனோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. எதனோடு என்று சொல்லாத டெசிபல், எந்தப் படி என்று சொல்லாமல் நெல் அளப்பதுதான்.

இனி மின்னோட்டத்துக்கு வருவோம். ஒலிபரப்பும் ஆன்டெனாவுக்கும் வாங்கும் ஆன்டெனாவுக்கும் கெயின் ஒன்றே என்பது மின்காந்தவியலின் உறுதியான விதி. ஒலிபரப்புவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எளிதாக விளங்கும் என்பதால் அப்படியே சொல்கிறேன். அரை அலைநீளக் கம்பியின் நடுவில் மின்னோட்டம் மிகுதி, முனைகளில் சுழி. மின்னழுத்தம் இதற்கு நேர்மாறு: நடுவில் சுழிக்கு அருகில், முனைகளில் மிகுதி. இதனால்தான் ரிஃப்ளெக்டரையும் டைரக்டர்களையும் உலோக நடுத்தண்டோடு நடுவில் நேரடியாகத் திருகிவிட முடிகிறது. அந்த இடத்தில் தண்டு குறுக்கிடுவதற்கு மின்னழுத்தமே இல்லை. முனைகளைக் கைப்பிடிச் சுவரிலோ ஈரமான வேப்பங்கிளையிலோ உரச விட்டால் கெடுவதும் இதனால்தான். தொலைவில் உண்டாகும் புலம், கம்பியின் ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டம் தரும் சிறு சிறு புலங்களின் கூட்டுத்தொகை. ஆகவே வேலையில் பெரும் பங்கு நடுப்பகுதியுடையது.

ஒரு டைபோலுக்கு 100 வாட் கொடுத்தால், அதன் 73 ஓம் கதிர்வீச்சுத் தடையில் 1.17 ஆம்பியர் ஓடும். அதே 100 வாட்டைத் தொலைவாக வைத்த இரண்டு டைபோல்களுக்குப் பகிர்ந்து, தலா 50 வாட் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் ஓடுவது 0.83 ஆம்பியர். திறன் பாதியாகியும் மின்னோட்டம் பாதியாகவில்லை, 0.7 மடங்குக்கே இறங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இப்படி. இரண்டின் புலங்களும் ஒரே கட்டத்தில், அதாவது ஏற்றமும் இறக்கமும் ஒத்து, வந்து சேரும் திசையில் 1.66 ஆம்பியருக்குச் சமமான புலம் கிடைக்கிறது. முன்பை விட 1.41 மடங்கு, திறனில் இரண்டு மடங்கு, டெசிபலில் 3. இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்றால், வேறு திசைகளில் ஒன்றின் புலம் மற்றதற்கு எதிர்க்கட்டத்தில் வந்து அழிந்துபோன இடத்திலிருந்து. மொத்தம் அதே 100 வாட்தான்.

இப்போது அந்த இரண்டு டைபோல்களையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்க்கலாம். இரண்டு கம்பி இருக்கிறதே, 3 டெசிபல் வருமா? வராது. ஒன்றின் புலம் மற்றதில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதால், ஒவ்வொன்றும் 73 ஓமாக இல்லாமல் 146 ஓமாக நடந்துகொள்ளும். 50 வாட்டுக்கு 0.585 ஆம்பியர்தான் ஓடும். இரண்டையும் கூட்டினால் பழைய 1.17 ஆம்பியரே. கெயின் சுழி. அதே கம்பிகளைப் பக்கவாட்டில் அரை அலைநீளம் தள்ளி வைத்தால், தூண்டப்படும் மின்னழுத்தம் எதிர்த்திசைக்குத் திரும்பித் தடை 60.5 ஓமாக இறங்குகிறது, மின்னோட்டம் 0.91 ஆம்பியராக ஏறுகிறது. டைபோலை விட 3.8 டெசிபல் கிடைக்கிறது. கம்பிகளின் எண்ணிக்கை மாறவில்லை, கொடுத்த திறனும் மாறவில்லை, மாறியது இடைவெளி மட்டும். ‘எத்தனை எலிமென்ட்?’ என்று மட்டும் கேட்டு ஆன்டெனா வாங்குகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

யாகி ஆன்டெனாவில் ஒரு கம்பிக்குத்தான் கேபிள் போகிறது. மற்றவற்றுக்கு இணைப்பே கிடையாது. டைபோலின் புலம் அவற்றில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு புலத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் முந்துமா பிந்துமா என்பதைத் தீர்மானிப்பது கம்பியின் நீளம். ஒத்ததிர்வு நீளத்தை விடச் சற்று நீண்ட கம்பி தூண்டல் தன்மை கொண்டிருப்பதால் அதில் மின்னோட்டம் பின்தங்கும். குட்டையான கம்பி கொண்மத் தன்மை கொண்டிருப்பதால் முந்தும். இதோடு, ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு அலை போய்ச் சேரும் நேரமும் கட்டத்தில் கூடுகிறது. இந்த இரண்டையும் சேர்த்து, முன்பக்கம் எல்லாப் புலங்களும் ஒத்து வரும்படியும் பின்பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படியும் நீளங்களையும் இடைவெளிகளையும் தேர்ந்திருப்பதுதான் வடிவமைப்பு.

மிக எளிய வடிவத்தில் இதைப் பார்க்க இரண்டு கம்பி போதும். கால் அலைநீள இடைவெளியில் இரண்டு கம்பிகள். இரண்டிலும் சம மின்னோட்டம். ஆனால் முன்கம்பியின் மின்னோட்டம் பின்கம்பியை விட 90 பாகை பின்தங்கியது. பின்கம்பியின் அலை முன்கம்பிக்கு வந்துசேர 90 பாகை நேரமாகும். அதற்குள் முன்கம்பியும் அதே கட்டத்துக்கு வந்துவிடும். எனவே முன்னோக்கிய திசையில் இரண்டும் கூடும். பின்னோக்கிய திசையில், ஏற்கெனவே 90 பாகை பின்தங்கிய முன்கம்பியின் அலை இன்னொரு 90 பாகை பயணம் செய்து வருவதால், மொத்தம் 180 பாகை, இரண்டும் அழியும். யாகியின் கம்பிகளில் தூண்டப்படும் மின்னோட்டங்கள் இவ்வளவு துல்லியமாகச் சமமாக இருப்பதில்லை என்பதால், பின்பக்க அழிவு முழுமையாக இருக்காது. ஆனால் செயல்படும் முறை இதுவே.

ரிஃப்ளெக்டர் என்ற பெயரை வைத்து, அலை அதன்மேல் பட்டுக் கண்ணாடியில் போலத் திரும்புகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. விரல் தடிமனுள்ள ஒரு குழல், 3 மீட்டர் அலைக்கு எப்படிக் கண்ணாடி ஆகும்? அதில் ஓடும் மின்னோட்டத்தின் புலம் பின்பக்கத்தில் டைபோலின் புலத்தை அழிக்கிறது. அதனால் அங்கே பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. மிஞ்சாத இடத்தில் இரண்டாவது ரிஃப்ளெக்டரை வைத்தால் அதில் தூண்டப்படும் மின்னோட்டமும் அதிகம் இருக்காது. யாகிகளில் டைரக்டரை வரிசையாக அடுக்குகிறார்களே, ஏன் பின்னால் அடுக்குவதில்லை என்ற கேள்விக்கு விடை இதுதான்.

இந்த அமைப்பைக் கண்டவர்கள் ஜப்பானியர்கள். செண்டாய் நகரின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடா 1926-இல் இதைப் பற்றி ஜப்பானிய மொழியில் எழுதினார். அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928-இல் ஆங்கிலத்தில் எழுதியதால் உலகம் யாகியின் பெயரைப் பிடித்துக்கொண்டது. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், கைப்பற்றிய பிரிட்டிஷ் ரேடார்க் குறிப்பேட்டில் ‘யாகி’ என்ற சொல்லைப் பார்த்துப் பொருள் தெரியாமல் கைதியிடம் கேட்டார்களாம். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று அவன் சொல்ல வேண்டியிருந்தது. நம்மூர்க்காரர்கள் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இருந்த அதே சிங்கப்பூர்.

சரி, 14 டெசிபலுக்குத் திரும்புவோம். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயப் பணியகம் 1976-இல் யாகி ஆன்டெனாக்களை அளந்து வெளியிட்ட அட்டவணை, இன்றுவரை இத்துறையில் எல்லோரும் எடுத்துப் பார்ப்பது. அதன்படி 0.4 அலைநீள நடுத்தண்டுள்ள மூன்று கம்பி யாகிக்கு டைபோலை விட 7.1 டெசிபல், 0.8 அலைநீளமுள்ள ஐந்து கம்பிக்கு 9.2, 2.2 அலைநீளமுள்ள பன்னிரண்டு கம்பிக்கு 12.25, 4.2 அலைநீளமுள்ள பதினைந்து கம்பிக்கு 14.2. நடுத்தண்டு இரு மடங்காகியும் கெயின் 2 டெசிபல் சுமாருக்கே ஏறுகிறது என்பது கவனிக்கத்தக்கது. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலைநீளம் 2.98 மீட்டர். டைபோலோடு ஒப்பிட்ட 14 டெசிபல் வேண்டுமானால் நடுத்தண்டு 12.5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதைத் தூக்கி நிறுத்தக் கோயில் கொடிமரம்தான் வேண்டும். கற்பனைப் புள்ளியோடு ஒப்பிட்ட 14 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 6 மீட்டருக்குக் குறையாது. நம் கையில் இருப்பது 2.1 மீட்டர், அதாவது 0.7 அலைநீளம்.

அந்த 0.7 அலைநீளத்துக்கு உரியதுகூட முழுமையாக வராது என்பது டைரக்டர்களை அளந்தபோது தெரிந்தது. 100.5 மெகாஹெர்ட்ஸுக்கு நன்றாக இயங்க, இந்தத் தடிமனுள்ள டைரக்டர் 1.3 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். இதில் இருப்பது 1.23. காரணம், தயாரிப்பாளர் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை முழுப் பட்டைக்கும் சேர்த்து வெட்டியிருக்கிறார். யாகியின் கெயின் அலைவரிசை ஏற ஏறச் சிறிது சிறிதாகக் கூடி, டைரக்டரின் நீளம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று சரியும். அந்தச் சரிவு 108-க்கு மேலே போகும்படி டைரக்டர்களைக் குட்டையாக்குவதும், 88-இலும் பின்தங்கும்படி ரிஃப்ளெக்டரை நீளமாக்குவதும் நேர்மையான வடிவமைப்பே. அதற்கான விலை, பட்டையின் நடுவில் டைரக்டர்களில் மின்னோட்டம் குறைவாக ஓடுவது. ஆகவே 100.5-இல் டைபோலை விட 6 முதல் 7 டெசிபல், கற்பனைப் புள்ளியை விட 9 டெசிபல் அளவில் எதிர்பார்க்கலாம் என்பது என் மதிப்பீடு.

மொட்டை மாடியில் அதே கம்பத்தில், அதே உயரத்தில் முதலில் ஒரு தனி டைபோலையும் பிறகு யாகியையும் ஏற்றி, கணினியில் செருகும் சிறிய ஆர்.டி.எல். வானொலி ஏற்பியில் தானியங்கிக் கெயினை நிறுத்திவிட்டு, கோடை நிலையத்தின் அளவை ஒப்பிட்டேன். கம்பத்தைச் சற்று நகர்த்தினாலே அளவு மாறும். தரையிலும் பக்கத்து மாடிகளிலும் பட்டு வரும் அலைகள் நேர் அலையோடு கூடியும் கழிந்தும் விளையாடும் விளையாட்டு அது. எனவே கம்பத்தைப் பல இடங்களில் வைத்துச் சராசரி பார்த்தேன். வித்தியாசம் 6 டெசிபலை ஒட்டி வந்தது. கணக்கு சொன்னதற்கு அருகில்தான். பெட்டி சொன்னதற்கு வெகு தொலைவில். தரைப் பிரதிபலிப்பு நேர் அலையோடு முழுதாகக் கூடும் உயரத்தில் எந்த ஆன்டெனாவுக்கும் 6 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும். பெட்டிக்காரர் அதையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டாரோ என்னவோ. அப்படி எழுதினால் பக்கத்து வீட்டு ஒற்றைக் கம்பிக்கும் எழுத வேண்டும்.

6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு திறன், குறைவில்லை. வேறு விதமாகச் சொன்னால், தனி டைபோல் இந்த அலைவரிசையில் ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர் பரப்பில் விழும் அலையைப் பிடிக்கிறது. கற்பனைப் புள்ளியை விட 9 டெசிபல் உள்ள ஆன்டெனா 5.6 சதுர மீட்டரைப் பிடிக்கிறது. ஐந்து மெல்லிய குழல்களின் உலோகப் பரப்பை மட்டும் பார்த்தால் இது வியப்பாக இருக்கும். கம்பிகளின் மின்னோட்டங்கள் தம்மைச் சுற்றியுள்ள புலத்தையே மாற்றி அமைப்பதால் சாத்தியமாகிறது.

ஆனாலும் இந்த ஆன்டெனா தன் விலைக்குத் தகுதியானது என்று நான் சொல்வது அந்த 6 டெசிபலுக்காக அன்று. முன்பக்கத்தை மேற்கே, ஓரிழை வடக்காகத் திருப்பியதும் காரைக்கால் நிலையம் 12 டெசிபலுக்குக் குறையாமல் இறங்கியது. கோடையின் திசைக்கும் காரைக்காலின் திசைக்கும் இடையே ஏறத்தாழ 130 பாகை. அதாவது கோடையை நோக்கினால் காரைக்கால் பின்தோளுக்குப் பின்னால் விழும். ஒன்று 6 ஏற, மற்றது 12 இறங்க, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 18 டெசிபல் அகன்றது. கரகரப்பு நின்றதற்குக் காரணம் அதுதான். கடல் மேல் வெப்பக் காற்று அடுக்குப் படியும் நாட்களில் பாக் நீரிணையைத் தாண்டி வந்து குறுக்கிடும் இலங்கை நிலையங்களும் இதே பின்பக்கத்தில்தான் விழுகின்றன. பெட்டியில் பின்பக்கத் தடுப்பு எவ்வளவு என்று எழுதவே இல்லை; எழுத வேண்டிய எண்ணை விட்டுவிட்டு, இல்லாத எண்ணை எழுதியிருக்கிறார்கள்.

கடைக்காரர் பூஸ்டர் ஒன்றையும் சேர்த்து விற்கப் பார்த்தார். ‘பூஸ்டர் போட்டீங்கன்னா கொழும்பே வரும்ணே’ என்றார். வரும், மறுக்கவில்லை, அதுதான் சிக்கல். பூஸ்டர் கோடையையும் காரைக்காலையும் தெருவிளக்கின் இரைச்சலையும் ஒரே அளவில் தூக்கும். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை அதனால் கூட்ட முடியாது. மாடியிலிருந்து பட்டாலை வரை நீளும் கேபிளில் இழப்பு மிகுதியாக இருந்தால், கம்பத்தின் உச்சியிலேயே பொருத்துவதில் பொருள் உண்டு. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

எஸ்.டபிள்யூ.ஆர். பற்றியும் ஒரு சொல். ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் விகிதம் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். நானோ வி.என்.ஏ. கருவியில் பார்த்தபோது 100.5-இல் 2-க்குள் இருந்தது. வானொலி கேட்பதற்கு இது தாராளம். டைபோலை ஏன் மடித்திருக்கிறார்கள் என்பதும் இங்கே விளங்கும்: பக்கத்துக் கம்பிகளின் தூண்டலால் தனி டைபோலின் 73 ஓம் கீழே இறங்கிவிடுகிறது, மடித்த இரு குழல்களிலும் மின்னோட்டம் பாதிப் பாதியாகப் பிரிவதால் தடை நான்கு மடங்காக உயர்கிறது, பிறகு பலூன் அதைக் கேபிளுக்கு ஏற்றபடி இறக்குகிறது. ஆனால் எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதைக் கெயினுக்குச் சான்றாகக் காட்டுபவர்களை நம்ப வேண்டாம். கேபிளின் முனையில் சரியான மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரை மாட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர். அச்சுப் பிசகாமல் 1 காட்டும். ஒரு நிலையமும் வராது.

குறைகளில் முதலாவது, அலுமினியக் கம்பிகளை இரும்புத் திருகுகளால் பூட்டியிருப்பது. இரு உலோகங்கள் தொடும் இடத்தில் மழைநீர் பட்டால் அரிப்பு தொடங்கும். அரிப்பு ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊரிலேயே இப்படி ஒரு பொருள் விற்கிறது. டைரக்டர்கள் ஒரே குழலாக இருப்பதால் அவற்றில் பெரிய கேடில்லை. டைபோல் நடுவில் கேபிளோடு சேரும் திருகுகள்தான் ஆபத்தான இடம். மின்னோட்டம் மிகுதியாக ஓடும் நடுப்பகுதி அது, அங்கே சிறு தடை சேர்ந்தாலும் இழப்பு நேரடியாகக் கெயினில் தெரியும். அந்த இரண்டு திருகுகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினேன். இரண்டாவது, பலூன் டப்பாவின் மூடியில் ரப்பர் வளையம் இல்லை; ஐப்பசி மழைக்கு முன் சிலிக்கான் பசை தடவி, அடியில் ஒரு சிறு துளை விட்டு, கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டியாக வேண்டும். மூன்றாவது குறை குன்றக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு: ரிஃப்ளெக்டர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் மயில் உட்கார்ந்தால் வளைந்துவிடுகிறது. கம்பத்தைத் தனியாகத் தரைக்கு எர்த் செய்ய வேண்டும் என்பதைத் தாளில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

புதுவயல், தேவகோட்டை தாண்டிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களில் இலங்கை நிலையங்களையே விரும்பிக் கேட்பவர்கள், இதே ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பிக்கொள்ளலாம். அப்போது கோடை பின்பக்கம் போய்விடும். திருச்சியின் 102.1-க்கு வடக்கே திருப்ப வேண்டும். எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதன்று. அவர்கள் ஒற்றை டைபோலோடு நிற்பதே மேல்.

அதே கடையில் எட்டுக் கம்பி யாகி ஒன்றும் இருந்தது. விலை ஏறக்குறைய இரு மடங்கு; பெட்டியில் ‘18 டெசிபல்’. பிரித்துக் காட்டச் சொல்லி நடுத்தண்டை அளந்தேன்: 2.4 மீட்டர். ஐந்து கம்பி ஆன்டெனாவின் தண்டை விட 30 சென்டிமீட்டர் கூடுதல். அதற்கு அரை டெசிபல் கிடைத்தால் உண்டு. இடைவெளியை நெருக்கிக் கம்பிகளை மட்டும் கூட்டியிருந்தார்கள். அதைக் கட்டி மறுபடியும் அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு, 75 ஓம் கேபிள் மட்டும் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.